பீட்டிலுக்கு சூப்பர்சார்ஜர் மாட்டும் முன் சூட்டைப் பற்றிப் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருக்கு சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மாட்டுவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் எல்லாம் அருமை. ஆனால் ஒரே நாளில் முடிகிற வேலை, பெல்ட்டை மாட்டினால் கார் பறக்கும் என்கிற தொனியில் அது முடிந்ததுதான் மனதை உறுத்துகிறது. எங்கள் வீட்டில் அப்பா வாங்கிய 1959 மாடல் பீட்டில் இருக்கிறது. அதில் இதே வேலையைச் செய்து, கோத்தகிரி ஏற்றத்தில் ஒரு சிலிண்டரைப் பறிகொடுத்தவன் நான். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எந்தத் தம்பியாவது இந்த வாரமே ஆர்டர் போட்டிருப்பான், அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஆசை புதிது இல்லை. 1950-களில் அமெரிக்காவில் பீட்டில் நிறைய விற்க ஆரம்பித்தபோது அதன் 1192 சிசி இன்ஜின் அவர்கள் கணக்கில் வெறும் 36 ஹார்ஸ்பவர். அகலமான நெடுஞ்சாலையில் பெரிய கார்களுக்கு நடுவே ஏற்றம் ஏற அது திணறியது. அந்தக் குறையைப் போக்க பென்சில்வேனியாவின் கான்ஷோஹாக்கன் ஊரிலிருந்து ஜட்சன் என்ற கம்பெனி ஒரு சூப்பர்சார்ஜர் செட்டு கொண்டுவந்தது. கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட்டில் ஓடும் உருளை, அதற்குள் சறுக்கிச் சறுக்கி வரும் தகடுகள், மேலே கார்புரேட்டர். தகடுகள் உள்சுவரை உரசிக்கொண்டே ஓடுவதால் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்க ஒரு சின்ன ஜாடியும் உண்டு. காற்றை 6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 6 பவுண்ட்) அளவுக்கு அழுத்தி உள்ளே தள்ளும். இழுவை நன்றாகவே தெரியும், அதை மறுக்க மாட்டேன். எங்கள் கார் முதல் முறை அவிநாசி ரோட்டில் மூன்றாவது கியரில் இழுத்ததை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் ஜட்சன் செட்டு அந்தக் காலத்து இன்ஜினில் தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்த 36 ஹார்ஸ்பவர் இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, 6.6 தான். மட்டமான பெட்ரோலிலும் ஓட வேண்டும் என்று தாழ்த்தி வைத்தது, பூஸ்டுக்கு, அதாவது சூப்பர்சார்ஜர் தருகிற கூடுதல் அழுத்தத்துக்கு, அதுவே இடம் கொடுத்தது. பின்னால் வந்த 1584 சிசி இன்ஜினில் அது 7.5 வரை போய்விட்டது. அதே அழுத்தத்தை அதில் ஏற்றினால் நாக்கிங், அதாவது கலவை தாறுமாறாக வெடித்து இன்ஜினைத் தட்டுவது, சீக்கிரமே வந்து நிற்கும். கட்டுரையில் எந்த இன்ஜின் என்றே சொல்லாமல் "பீட்டில்" என்று பொதுவாக எழுதிவிட்டீர்கள்.

சரி, எங்கள் காருக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். சித்திரை வெயில், காரில் நான்கு பேர், மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம். மூன்றாவது கியரிலேயே ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தபடி ஏறிக்கொண்டிருந்தேன், இழுவைதான் இருக்கிறதே, எதற்கு கியரைக் குறைக்க வேண்டும் என்ற நினைப்பு. சூப்பர்சார்ஜரின் ஊளைச் சத்தத்தில் நாக்கிங் சத்தம் காதில் விழவே இல்லை. திடீரென்று இரும்பை இரும்பால் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் வண்டி மூன்று சிலிண்டரில் துடித்துக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வின் (எரிந்த புகையை வெளியே விடும் வால்வு) தலை தனியாக முறிந்து பிஸ்டனுக்குள் புதைந்து கிடந்தது.

ஏன் மூன்றாவது சிலிண்டர்? பீட்டிலைத் தெரிந்தவர்கள் கேட்காமலே சொல்லிவிடுவார்கள். இந்த இன்ஜின் தண்ணீரில் இல்லை, ஃபேன் அடிக்கிற காற்றில் குளிர்வது. அந்த ஃபேன் உறைக்குள், ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. அந்த சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்றை மறைத்துக்கொண்டு, போகிற காற்றையும் சூடாக்கி அனுப்பும். பல வருடங்கள், பிளக்குகளுக்கு முறை வைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டரிலேயே அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறி சில டிகிரி தாமதமாக விழும்படி ஃபோக்ஸ்வாகன் வைத்திருந்தது. 1971 மாடலில்தான் கூலரை உறைக்கு வெளியே தள்ளி, அதற்குத் தனி வழி கொடுத்தார்கள். நம்மிடம் இருக்கிற பழைய இன்ஜின்களில் அது கிடையாது.

இன்னொன்றும் நடந்திருந்தது, இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். சூப்பர்சார்ஜர் பெல்ட்டுக்கு இடம் போதவில்லை என்று பட்டறையில் பின்பக்கத் தகட்டில் ஒரு துண்டை வெட்டி எடுத்திருந்தார்கள். இன்ஜினைச் சுற்றி வருகிற ரப்பர் சீலையும் பழசு என்று சொல்லித் திரும்ப மாட்டவில்லை. அந்தத் தகடுகள் அழகுக்கு இல்லை. கீழே சிலிண்டரைத் தாண்டி வெளியேறும் சூடான காற்று மேலே ஏறி மறுபடி ஃபேனுக்குள் போகாமல் தடுப்பது அவைதான். வெட்டிய ஓட்டை வழியாக எங்கள் இன்ஜின் தன் சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. வெட்டும்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன், அது எதற்கு இருக்கிறது என்று எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

தண்ணீரில் குளிரும் இன்ஜினுக்கு ரேடியேட்டரைப் பெரிதாக்கலாம். இதில் இருப்பது ஒரு ஃபேனும் இரண்டரை லிட்டர் ஆயிலும்தான். ஃபேனும் இன்ஜின் வேகத்தைப் பொறுத்துத்தான் சுற்றும். ஏற்றத்தில் மெதுவான சுழற்சியில் முழு பூஸ்டில் போகும்போது எரிகிற பெட்ரோல் அதிகம், அடிக்கிற காற்றோ குறைவு. போதாததற்கு 35 டிகிரி காற்றை 6 பிஎஸ்ஐ அழுத்தினாலே கணக்குப்படி குறைந்தது 30 டிகிரி ஏறிவிடும், நிஜத்தில் இன்னும் அதிகம். நாக்கிங்கைத் தவிர்க்க தீப்பொறி விழும் டைமிங்கைப் பின்னுக்கு வைத்தாலோ எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் காயும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கிழிகிற கதை இது.

பெரிய கம்பெனிகளுக்கே இது சுலபமாக வரவில்லை. 1975-ல் போர்ஷே தன் காற்றில் குளிரும் 3 லிட்டர் இன்ஜினுக்கு டர்போ (புகையின் வேகத்தில் சுற்றிக் காற்றை அழுத்தும் கருவி) வைத்தபோது கம்ப்ரஷனை 6.5-க்கு இறக்கியது. 1978-ல் 3.3 லிட்டர் வந்தபோது, அழுத்திய காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலரும் வைத்தது. நாம் பட்டறையில் ஸ்பேனரோடு நின்றுகொண்டு இதையெல்லாம் தாண்டிவிடலாம் என்று நினைப்பது நியாயமா?

இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலையும் சேர்த்துப் பாருங்கள். எத்தனால் நாக்கிங்கைக் கொஞ்சம் தாங்கும், உண்மைதான், ஆனால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான பழைய ஜெட்டையே விட்டுவைத்தால், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் வராமல் கலவை மெலிந்துவிடும். பூஸ்டில் கலவை மெலிந்தால் பிஸ்டன் போய்விடும்.

மாட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் தகடும் சீலும் முழுசாக இருக்கட்டும், எக்ஸாஸ்ட் வால்வுகளைப் புதிதாகப் போடுங்கள், மெயின் ஜெட்டைப் பெரிதாக்குங்கள், மூன்றாவது சிலிண்டர் பிளக்கின் அடியில் டெம்பரேச்சர் மீட்டர் வையுங்கள். 200 டிகிரி காட்டினால் நான் காலை எடுத்துவிடுவேன். ஏற்றத்தில் கியரைக் குறைத்து இன்ஜினைச் சுற்ற விடுங்கள், ஃபேனும் சேர்ந்து சுற்றும்.

சட்டத்தையும் கட்டுரை தொடவில்லை. 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' எழுத்தோடு விண்டேஜ் பதிவு எண் வாங்கலாம். ஆனால் வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்த எண்ணுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் புல்லியைக் கழற்றும் முன்பே இதை விசாரித்துக்கொள்ளட்டும்.

எங்கள் காரில் இப்போது பழைய கார்புரேட்டர்தான் இருக்கிறது. வெட்டிய தகட்டுக்குப் பதிலாக லேத் பட்டறையில் சொல்லிப் புதிதாக அடித்து மாட்டிவிட்டேன். சூப்பர்சார்ஜர் துணி சுற்றிப் பரணில் இருக்கிறது, மீட்டரும் வால்வும் வந்து சேர்ந்ததும் மறுபடி மாட்டுவேன். கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாகப் போட்டிருக்கிறீர்கள், அதில் அந்தத் தகடுகளின் படத்தையும், எது எங்கே வரும் என்று பெயர் போட்டு, அரைப் பக்கமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கோயம்புத்தூர் வாசகர்