மோட்டாரை நிறுத்திக் கொடுத்தவர்களுக்கு

தூத்துக்குடி உப்பளத்து உறவுகளுக்கும், எங்கள் படத்துக்குத் தோள் கொடுத்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

ஒலிக்கலவை முடிந்துவிட்டது. படம் தணிக்கைக்குப் போகும் முன் உங்களுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும்.

உப்பு வாருகிறவர்களே படத்திலும் உப்பு வாருகிறார்கள். அவர்கள் பேச்சை டப்பிங் தியேட்டரில் மறுபடி வாங்க முடியாது, அதற்கு வாடகை கொடுக்கவும் வழியில்லை. எனவே படப்பிடிப்பிலேயே ஒலிப்பதிவு என்று முடிவெடுத்தோம். ஆனால் நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்தியில் பாய்ச்சினால்தான் உப்பு விளையும். நல்ல வெயில் மாதத்தில் மோட்டார் நின்றால் விளைச்சலுக்கு நட்டம். இருந்தும், சத்தம் பதிவில் விழாமலிருக்க ஒவ்வொரு டேக்குக்கும் பக்கத்து உப்பளக்காரர்கள் மோட்டாரை நிறுத்தினார்கள். யாரும் காசு கேட்கவில்லை. "பேசி முடிங்க தம்பி, அப்புறம் போட்டுக்கிடுதோம்" என்பார்கள். படத்தில் கேட்கும் காற்றும் உப்பு நொறுங்கும் ஓசையும் நீங்கள் கொடுத்தவை.

அப்புறம் அந்த அம்பாரம், வாரிக் குவித்த உப்புக் குவியல். கதையின் முக்கியமான காட்சி அதன் அருகில்தான். பாதி எடுத்திருந்தபோது பருவம் தப்பி மழை கொட்டியது. நாள் வாடகைக்கு எடுத்த கேமராவைத் திருப்பி அனுப்பிவிட்டு, பணம் புரட்டிக்கொண்டு திரும்பி வர நாளாகிவிட்டது. விலை நன்றாக இருந்த நேரம், லாரியும் வந்து நின்றது. இருந்தும் அந்த ஒரு அம்பாரத்தை மட்டும் உப்பளத்து அண்ணாச்சி ஏற்றவிடவில்லை. கீற்றுப் போட்டு மூடி வைத்திருந்தார். அந்த உதவிக்கு எங்கள் பட்ஜெட்டில் எந்தக் கணக்கிலும் இடமில்லை.

எங்கள் கதாநாயகிக்கு உப்பு வாரும் பலகையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த அக்காவை மறக்க மாட்டேன். கையால் இழுக்காதே, இடுப்பைக் கொடுத்து இழு என்று பின்னால் நின்று தோளைப் பிடித்துத் திருத்தினார். காலில் வெடிப்பு எரியாமலிருக்க, தான் கட்டும் துணியையே அவளுக்கும் சுற்றிவிட்டார். நடிப்புப் பயிற்சியில் கிடைக்காத உடம்பு அவளுக்கு அங்கே கிடைத்தது.

எங்கள் யூனிட்டுக்கும் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் வெள்ளை உப்பின் கூச்சத்தில் முகம் தெரியாது. காலையிலும் நாலு மணிக்கு மேலும்தான் படம் பிடிக்க முடியும். அந்தச் சொற்ப வெளிச்சத்துக்காக விடியும் முன்பே எழுந்து நின்றீர்கள். உப்பு ஏறித் துருப்பிடிக்காமல் இருக்க டிரைபாட் கால்களைத் தினமும் நல்ல தண்ணீரில் துடைத்த உதவியாளர்களுக்கும், சாலிகிராமத்தில் இரவில் எடிட்டிங் அறையைத் திறந்துவிட்ட நண்பருக்கும் நன்றி. பேட்டா பாக்கி உள்ள தம்பிகளே, படத்தில் வரும் முதல் பணம் உங்களுக்குத்தான்.

டைட்டிலில் பெயர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். உப்பளத்தில் வேலை செய்தவர்கள் எல்லோர் பெயரும், தலைப்பெழுத்தோடு, நடிகர்கள் பெயரின் அதே அளவில் வரும். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள்.