காங்கயம் பக்கம் ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதிய வரி பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் மலை சைக்கிள் பற்றி வந்த கட்டுரையை என் தங்கை மகன் எனக்கு வாசித்துக் காட்டினான். வால்பாறை, கொல்லிமலை, ஏற்காடு என்று நல்ல படங்களோடு போட்டிருந்தீர்கள். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், கடைசிப் பத்தி வரும் வரைக்கும். காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கமெல்லாம் மலையும் கிடையாது, பார்க்க எதுவும் கிடையாது, வெயிலும் முள்ளும்தான், அங்கே இந்த சைக்கிளுக்கு வேலை இல்லை என்கிற பொருளில் ஒரு வரி எழுதிக் கட்டுரையை முடித்திருந்தார் உங்கள் நிருபர். தங்கை மகன் அதற்கு மேல் வாசிக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டான்.

எங்கள் வீட்டில் என் அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வருகிறது. அதனால்தான் வருத்தம் கூடுதலாக இருக்கிறது. தெரியாத பத்திரிகை எழுதியிருந்தால் விட்டிருப்பேன்.

அந்த நிருபர் எங்கள் பக்கம் வந்திருந்தால் பஸ்ஸில்தான் வந்திருக்க வேண்டும். பஸ் சன்னலில் பார்த்தால் காய்ந்த காடும் காற்றாலையும்தான் தெரியும். ஊதியூர் தாண்டி எங்கேயாவது இறங்கி ஓர் இட்டேரிக்குள் நுழைந்திருந்தால் அந்த வரியை எழுத அவருக்கு மனசு வந்திருக்காது. இட்டேரி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொங்கு நாட்டில் பதிப்பு நடத்துகிறவர் நீங்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி, நடுவில் மாட்டு வண்டி போன மண் பாதை. யாரும் எங்களுக்கு ட்ரெயில், அதாவது சைக்கிள் ஓட்டும் மண் தடம், வெட்டித் தர வேண்டியதில்லை. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வெட்டி வைத்துவிட்டார்கள்.

அந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டுவது எப்படி இருக்கும் என்பதை உங்கள் கட்டுரையில் எதிர்பார்த்தேன். இல்லாததால் நானே எழுதுகிறேன். எங்கள் நிலம் தட்டையானது இல்லை. மேடு, இறக்கம், பள்ளம், திரும்ப மேடு என்று கண்ணுக்கெட்டிய தூரம் அலை அலையாகப் போகும். மலைப் பாதையில் ஒரு மணி நேரம் ஏறினால் அப்புறம் பெடலை மிதிக்காமல் இறங்கலாம். இங்கே அந்த ஓய்வு கிடைக்காது. இருநூறு, முந்நூறு மீட்டருக்கு ஒருதரம் ஏற்றம் வரும். இறக்கத்தில் எடுத்த வேகத்தை அப்படியே அடுத்த ஏற்றத்துக்குக் கொண்டுபோகத் தெரிய வேண்டும். செம்மண்ணில் டயர் நன்றாகப் பிடிக்கும். அடுத்த காட்டோரத்தில் சுக்காங்கல் என்கிற சுண்ணாம்புக்கல் வரும், அதற்கடுத்து வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல் சிதறிக் கிடக்கும், அங்கே முன் பிரேக்கைத் தொட்டால் விழ வேண்டியதுதான். காட்டு எல்லையோடு பாதை சட்டென்று செங்கோணமாகத் திரும்பும். வேலி மறைப்பதால் எதிரே செம்மறிக் கூட்டம் வருகிறதா, மயில் நிற்கிறதா என்று தெரியாது. பள்ளத்தில் இறங்கினால் மணல். மணலுக்கு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்திருக்க வேண்டும், உள்ளே போய் மாற்றினால் சக்கரம் புதைந்து நின்றுவிடும். இதையெல்லாம் கற்றுக்கொள்ள மலை தேவையில்லை.

முள்ளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வெள்வேல முள்ளும் நெருஞ்சி முள்ளும் இருப்பது உண்மை. அதற்குத்தான் டியூப்லெஸ் டயரும் உள்ளே ஊற்றுகிற சீலன்ட்டும் வந்திருக்கின்றன. முள் குத்தினால் சீலன்ட் கசிந்து துளையை அடைத்துவிடும், வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மலை சைக்கிள் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர் இதைக் கடையில் ஒரு கேள்வி கேட்டிருந்தாலே தெரிந்துகொண்டிருக்கலாம்.

மலை இல்லை என்பதுதான் குறை என்றால், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் போட்டி எங்கே நடந்தது என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்துக்காரரையே கேட்டுப் பாருங்கள். எலான்கூர் என்ற மேட்டில் நடந்தது. உயரம் 231 மீட்டர். பழைய கல்குவாரியில் இடிபாட்டு மண்ணைக் கொட்டி நிரப்பிய மேடு அது. பாரிஸ் வட்டாரத்திலேயே அதைவிட உயரமான இடம் கிடையாது. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு எஸ்ஸெக்ஸில் ஹேட்லீ என்ற ஊரின் பண்ணை நிலத்தில் பாதை போட்டார்கள். ஆடு மாடு மேய்கிற நிலம்தான். 1996 அட்லாண்டாவில் இந்தப் போட்டியை முதன்முதலாகச் சேர்த்தார்கள். மேடு பள்ளத்தில் பல சுற்று ஓட்டுகிற இந்த கிராஸ் கன்ட்ரி பந்தயத்துக்கு இன்றைக்குத் தேவை குட்டை ஏற்றமும் குட்டை இறக்கமும் மாறி மாறி வருகிற நிலம். அது எங்களிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் 2023இல் பொன்முடியில் ஆசியப் போட்டியே நடத்திவிட்டார்கள். நாம் இன்னும் எந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பார்க்க எதுவும் இல்லை என்ற சொல்தான் எனக்கு ஆறவே இல்லை. கொறங்காட்டை, எங்கள் பக்கத்து மேய்ச்சல் காட்டை, வேறு எந்த ஊரில் போய்ப் பார்ப்பீர்கள்? கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், அதற்குள் காங்கயம் மாடு. கார்த்திகையில் ஒரு மழை பெய்து ஓய்ந்த காலையில் வந்து பாருங்கள். கௌதாரி கூப்பிடும், கீரி குறுக்கே ஓடும், வேலி முழுக்கப் பிரண்டையும் கோவைக்கொடியும் படர்ந்திருக்கும். என் அப்பிச்சி, அம்மாவைப் பெற்றவர், சித்திரை மாதம் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வண்டி கட்டிப் போன தடத்தில்தான் நான் இன்றைக்கு சைக்கிளில் போகிறேன். வடக்கே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து பேசுகிற ஊர். கரூருக்கும் மேற்குக் கடற்கரைக்கும் போன வணிகர்கள் நடந்த நிலம் இது. அதைப் பற்றி உங்கள் பத்திரிகையே அகழாய்வு நடந்தபோது முழுப் பக்கம் எழுதியது. சுற்றுலாப் பக்கத்துக்கு வந்தால் மட்டும் இது வெறும் காடாகிவிடுகிறது.

இது முதல்முறை என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். சில வருஷம் முன்பு கியர் சைக்கிள்காரர்கள் மண் பாதைகளைக் கிளறிக் கெடுக்கிறார்கள் என்று ஒரு செய்தி போட்டீர்கள். அப்போதும் கடிதம் எழுதினேன், வெளியிடவில்லை. அமெரிக்காவில் மொன்டானாவில் இதைச் சோதித்துப் பார்த்து 1994இல் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். நனைந்த பாதையில் சைக்கிள் சக்கரத்தைவிடக் குதிரைக் குளம்பும் மனிதன் காலும்தான் அதிக மண்ணைப் பெயர்த்தன. பாதையைக் கெடுப்பது முக்கியமாகத் தண்ணீர். மழைத் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போய்விட வேண்டும், பாதையோடு சேர்ந்து ஓடக் கூடாது. அதனால்தான் ட்ரெயில் போடுகிறவர்கள் பாதையின் ஏற்றம் அது போகிற மேட்டின் பக்கச் சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது, சராசரியாக நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் இட்டேரியை அகலப்படுத்துகிறோம் என்று ஜேசிபி வைத்து இரண்டு பக்கக் கிளுவையையும் வேரோடு பிடுங்கினார்கள். மேலே கிராவல் கொட்டினார்கள். அந்த ஐப்பசி மழையிலேயே நடுவில் முழங்கால் ஆழத்துக்கு அரித்து ஓடிவிட்டது. வேர் பிடித்து வைத்திருந்த மண் அது. வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில் மண்ணுக்குள் இறங்க வேண்டிய தண்ணீர் ரோட்டோடு போயிற்று. அரித்த பிறகு கான்கிரீட் போட்டார்கள். இப்போது சித்திரை வெயிலில் அதில் ஆடு நடக்க மறுக்கிறது. வேறோர் இட்டேரி வீட்டு மனை போட்டவர்களின் காம்பவுண்டு சுவருக்குள் போய்விட்டது. இன்னொன்றில் ராத்திரியில் கோழிக்கழிவு மூட்டைகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறார்கள். அந்த நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன்.

நில அளவைப் புலப்படத்தில் வண்டிப்பாதை என்று தெளிவாக இருக்கிற இடங்கள் இவை. அரசு நிலத்து ஆக்கிரமிப்பை எடுக்க 1905ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தேன். ரசீது வந்தது. அதற்கப்புறம் அங்கே யார் உபயோகிக்கிறார்கள், ஒன்றும் இல்லாத காடுதானே என்று அதிகாரிகள் கேட்டார்கள். உங்கள் நிருபர் எழுதிய அதே பேச்சு! இனிமேல் அவர்கள் உங்கள் பேப்பரையே எடுத்துக் காட்டலாம். அச்சில் வந்தது மனுவைவிடப் பெரிது என்று உங்களுக்குத் தெரியும்.

இட்டேரி போனால் நஷ்டம் என் மாதிரி பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவனுக்கு மட்டும் இல்லை. அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இட்டேரி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பெண் பிள்ளை வழி அடைபட்ட பிறகு டிப்பர் லாரி ஓடுகிற மெயின் ரோட்டில் போய் வருகிறாள். அவள் அம்மா சாயங்காலம் வாசலிலேயே நிற்கிறார். ரோட்டோரம் சைக்கிளில் போன மாணவன் மீது வாகனம் மோதியது என்று உங்கள் மாவட்டப் பக்கத்தில் செய்தி வரும்போதெல்லாம், அவன் ஏன் அந்த ரோட்டுக்கு வந்தான் என்று ஒரு வரி சேர்க்க மாட்டீர்களா என்று எனக்குத் தோன்றும். அதற்கெல்லாம் இடம் இல்லாத பேப்பரில் எங்கள் ஊரில் ஒன்றும் இல்லை என்று எழுத மட்டும் இடம் இருந்திருக்கிறது.

நான் கேட்பது பெரியதில்லை. அடுத்த ஞாயிறு இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அதற்குக் கீழே சின்னக் கட்டம் ஒன்றில், வாசகர்கள் தங்கள் ஊரில் இன்னும் திறந்திருக்கிற இட்டேரி எந்தக் கிராமத்தில் எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதி அனுப்பக் கேளுங்கள். வருவதை அப்படியே மாவட்டப் பக்கத்தில் போடுங்கள். பட்டியல் அச்சில் இருந்தால் நாளைக்கு ஒருவர் வேலியைப் பிடுங்க வரும்போது காட்டுவதற்கு எங்கள் கையில் ஏதாவது இருக்கும்.

உங்கள் நிருபர் நேரில் வந்து பார்ப்பதானால் கார்த்திகையிலோ மார்கழியிலோ வரச் சொல்லுங்கள். காலை ஆறரைக்கு ஊதியூர் பஸ் நிறுத்தத்தில் நானும் தங்கை மகனும் காத்திருக்கிறோம். அவருக்குச் சைக்கிள் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்,
தாராபுரம் வட்டம்.