பேரனுக்கு வந்த கார்டு

ஆர்லிங்டன், வர்ஜீனியா
13-10-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? போன ஞாயிறு போனில் நான் கத்தினது பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கும், உங்களுக்குத்தான் கேட்கவில்லை. காது மெஷினை டப்பாவை விட்டு எடுப்பதே இல்லை என்று அம்மா புகார் சொன்னார்கள். சரி, பழையபடி காகிதத்துக்கே வருவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் பட்டாளத்தில் இருந்தபோது அம்மா '56 ஏபிஓ' என்று ராணுவத் தபால் முகவரி எழுதிப் போட்ட கடிதங்களை இன்னும் கட்டுப் பிரிக்காமல் வைத்திருக்கிற ஆளுக்கு இதுதான் சரி.

"சண்டை போடணும் சண்டை போடணும்னு டிவியில பேசறாங்களே, அவங்க பிள்ளைங்க யாராச்சும் அங்க பட்டாளத்துல இருக்காங்களா?" என்று கேட்டீர்கள். போனில் "அதெல்லாம் யாரும் இல்லப்பா" என்று சொல்லி முடித்துவிட்டேன். அது முழு உண்மை இல்லை. அந்த நேரத்தில் என் மனதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதையும் உங்களிடம் சொல்லவில்லை.

பெரியவனுக்குப் பதினெட்டு முடிந்தது இல்லையா, இங்கே ஆண் பிள்ளைகள் பதினெட்டு முடிந்த 30 நாளுக்குள் அரசாங்கத்திடம் பெயர் பதிய வேண்டும். நாளைக்கு நாடு கட்டாய ராணுவ சேவை என்று அறிவித்தால் யார் யாரைக் கூப்பிடலாம் என்கிற பட்டியல் அது. குடியுரிமை இல்லாவிட்டாலும் கிரீன் கார்டு இருந்தால் பதிந்தே ஆக வேண்டும். பதியாவிட்டால் சட்டப்படி ஐந்து வருடம் வரை சிறை, பிறகு குடியுரிமை கேட்கும்போதும் தொல்லை. மேல் வீட்டுத் தெலுங்குக்காரர்கள் இன்னும் எச்1பி என்கிற வேலை விசாவில் இருப்பதால் அவர்கள் பையனுக்கு இது கிடையாது. கிரீன் கார்டு வரவில்லையே என்று அந்த அம்மா என்னிடம் எத்தனை முறை அழுதிருக்கிறார்! பெண் பிள்ளைகளுக்கும் இல்லை, அதனால் சின்னவளுக்குக் கவலையில்லை. கட்டாயமாக ஆள் பிடிப்பதை 1973-லேயே நிறுத்திவிட்டார்கள், 1980-ல் இருந்து வெறும் பதிவு மட்டும்தான் என்று உங்கள் மாப்பிள்ளை எனக்குப் பாடம் எடுத்தார். தெரியும். ஆனாலும் அவன் பெயர் பதிந்ததற்கான கார்டு தபாலில் வந்த அன்று குழம்பில் உப்பு போட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

கட்டாயம் இல்லையென்றால் யார் போகிறார்கள் என்று கேட்பீர்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்திலேயே பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவர்கள் மேஜை போட்டு உட்காருகிறார்கள். பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பி நட்டு வைத்து, எத்தனை புல்-அப் எடுக்கிறாய் பார்க்கலாம் என்கிறார்கள். எடுத்தால் டி-ஷர்ட், தண்ணீர் பாட்டில். நம் பையன் நான்கு எடுத்துவிட்டு ஒரு பாட்டிலோடு வந்தான். பெற்றோர் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காவிட்டால், பள்ளிக்கூடம் பிள்ளைகளின் பெயரையும் போன் நம்பரையும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. கல்லூரிச் செலவு, சீக்கிரமாகக் குடியுரிமை, மருத்துவம் என்று அவர்கள் சொல்வதெல்லாம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய விஷயம். நம் வேலூர்ப் பக்கம் எதற்குப் பட்டாளத்துக்குப் போனார்களோ, இங்கேயும் அதற்குத்தான் போகிறார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. 2002 அக்டோபரில் ஈராக் மேல் படையெடுக்க அனுமதி கேட்டு இங்கே நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. கீழ் சபையில் 296 பேர் சரி என்றார்கள், 133 பேர் வேண்டாம் என்றார்கள். மேல் சபையில் 77-க்கு 23. சரி என்றவர்களில் டிம் ஜான்சன் என்ற செனட்டரின் மகன் ராணுவத்தில் இருந்தார், பிறகு ஈராக்குக்கே போனார். ஆக யாருமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் போர் வேண்டும் என்று முன்னால் நின்ற துணை அதிபர் டிக் செனி, வியட்நாம் காலத்தில் இளைஞர். அப்போதிருந்த கட்டாய ராணுவ சேவையிலிருந்து ஐந்து முறை விலக்கு வாங்கியவர். நான்கு முறை படிப்பைச் சொல்லி, ஐந்தாவது முறை மனைவி கர்ப்பம் என்று சொல்லி. ஏன் போகவில்லை என்று பின்னால் கேட்டபோது, அறுபதுகளில் எனக்கு வேறு முக்கியமான வேலைகள் இருந்தன என்றார். வேறு வேலை இல்லாதவர்கள்தான் போய்ச் செத்தார்கள் போலிருக்கிறது. அவர் தலைமை அதிகாரியாக இருந்த ஹாலிபர்ட்டன் கம்பெனியின் துணை நிறுவனத்துக்கு ஈராக்கில் பெரிய ஒப்பந்தங்கள் போனதையும் இங்கே எல்லோரும் சொல்வார்கள். பேரழிவு ஆயுதங்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லித்தான் போனார்கள், அப்படி ஒரு குவியல் அங்கே இல்லவே இல்லை.

இதைப் படித்துவிட்டு "பார்த்தியா, நான் சொன்னேனே" என்பீர்கள். அங்கேதான் எனக்கு ஒரு சிக்கல்.

போன மாதம் ஒரு ஞாயிறு பொடோமாக் ஆற்று நடுவில் இருக்கிற தீவுக்குப் போனோம். எங்கள் கரையிலிருந்து நடைபாலம் இருக்கிறது. தீவு முழுக்க மரம், நடுவில் தியோடர் ரூஸ்வெல்ட் என்ற பழைய அதிபருக்கு 17 அடி வெண்கலச் சிலை. ஒரு கையைத் தூக்கிப் பிரசங்கம் செய்கிற மாதிரி நிற்கிறார். சுற்றிலும் ஆள் உயரத்துக்குப் பல மடங்கு கல், அதில் அவர் சொன்ன வாசகங்கள். பெரியவன் வரலாற்றுப் பாடத்துக்காகப் படம் எடுத்துக்கொண்டு இருந்தான். நான் அப்புறம் நூலகத்தில் அவர் வாழ்க்கையை எடுத்துப் படித்தேன். இரண்டு வாரம் ஆயிற்று. மனசு ஆறவில்லை.

இவருடைய அப்பா இங்கே உள்நாட்டுப் போர் நடந்தபோது பணம் கொடுத்து மாற்றாளை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தவர். அது மகன் மனதில் முள்ளாய்த் தைத்திருந்தது என்று வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். மகன் பெரியவனாகி, கடற்படைத் துறையில் உதவிச் செயலராக உட்கார்ந்து, ஸ்பெயினோடு போர் வேண்டும் என்று நின்றார். சமாதானத்தின் எந்த வெற்றியும் போரின் பெரிய வெற்றிக்கு ஈடாகாது என்று 1897-ல் மேடையிலேயே பேசியிருக்கிறார். (இவருக்குத்தான் 1906-ல் சமாதான நோபல் பரிசு கொடுத்தார்கள். சிரிக்காதீர்கள்.)

அப்போது அதிபர் மெக்கின்லி. அவர் இளைஞராக உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர். நான் ஒரு போரைப் பார்த்தவன், பிணங்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்தவன், இன்னொன்றைப் பார்க்க விரும்பவில்லை என்றார் அவர். அதற்கு ரூஸ்வெல்ட், அதிபருக்குச் சாக்லேட் கேக்கில் இருக்கிற அளவுக்குக் கூட முதுகெலும்பு இல்லை என்று கேலி செய்தாராம்.

படித்தவுடன் எனக்குக் கார்கில் வருஷம் ஞாபகம் வந்தது. 1999, எனக்கு இருபத்தொன்று. வேலூர் பஸ்ஸுக்கு நாம் இரண்டு பேரும் நின்றிருந்தோம். எதிர் டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே சத்தம், லாகூர் வரைக்கும் போய்விட வேண்டும் என்று. ஒருத்தர் உங்களைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க ஹவில்தார், போலாமா வேணாமா?" என்றார். நீங்கள் பதிலே சொல்லவில்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அவர்கள் உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பார்களோ என்று அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது அப்பா. இதை இத்தனை வருஷம் சொன்னதில்லை.

சரி, ரூஸ்வெல்ட்டுக்கு வருகிறேன். 1898-ல் ஸ்பெயினோடு போர் வந்தது. மனுஷர் வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. 39 வயதில் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, தொண்டர் குதிரைப்படை சேர்த்துக்கொண்டு கியூபாவுக்குப் போனார். வீட்டில் ஆறு பிள்ளைகள், கடைசிக் குழந்தை குவென்டினுக்கு ஐந்து மாதம், மனைவி ஆபரேஷன் முடிந்து தேறிக்கொண்டிருந்தவர். ஜூலை 1-ம் தேதி குண்டு மழைக்கு நடுவில் மேட்டின் மேல் ஏறினார். அந்தப் போரில் குண்டில் செத்தவர்களைவிடக் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் பல மடங்கு. இவர் பிழைத்து வந்து, நவம்பரிலேயே நியூயார்க் கவர்னர் தேர்தலில் ஜெயித்தார். பிரசார ரயிலில் கூடவே சீருடை போட்ட பழைய சிப்பாய்கள், பியூகிள் ஊத ஒரு ஆள். அடுத்து துணை அதிபர். 1901-ல் மெக்கின்லியை ஒருவன் சுட்டுக் கொன்றதும் இவர் அதிபர். மூன்றே வருஷம்.

இவர் தன் தோலைக் காப்பாற்றிக்கொண்டவர் இல்லை. காசு பார்த்தவரும் இல்லை. ஆனால் அந்த மேடு யாருக்குப் பயன்பட்டது? செனியைத் திட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது. இவரை எதில் சேர்ப்பது? பணத்துக்காகப் போர் கேட்கிறவனைக் கண்டுபிடித்துவிடலாம். பெயருக்காக, தன் அப்பாவின் குறையைத் தீர்ப்பதற்காகக் கேட்கிறவன் வீரன் மாதிரியே இருக்கிறான், அவனுக்கே அப்படித்தான் தெரிகிறது. "உன் பிள்ளையை அனுப்புவியா?" என்று கேட்டால் அனுப்புவேன் என்பான்.

அனுப்பவும் செய்தார். முதல் உலகப் போரில் சேர வேண்டும் என்று அமெரிக்காவை விடாமல் தூண்டினார், தானும் போகக் கேட்டார், அதிபர் வில்சன் மறுத்துவிட்டார். மகன்கள் நான்கு பேரும் போனார்கள். தொட்டிலில் விட்டுவிட்டுப் போனாரே, அந்தக் குவென்டின், இருபது வயதில் 1918 ஜூலை 14-ம் தேதி பிரான்ஸ் வானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டான். பையனை இந்த வழிக்குத் தூண்டி அது அவன் சாவில் முடிந்தது என்பது ஒரு அப்பனுக்குச் சாதாரண விஷயமில்லை என்று ரூஸ்வெல்ட் ஒரு கடிதத்தில் எழுதினார். ஆறு மாதத்தில் அவரும் போய்விட்டார். அந்தத் தீவில் நான் பார்த்த கல்லில் குவென்டின் இல்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எங்கள் வர்ஜீனியாக்காரர். ஜிம் வெப், வியட்நாமில் சண்டை போட்டவர், ஈராக் போர் வேண்டாம் என்று முதலிலேயே எழுதினவர். அவர் மகன் ஈராக்குக்குப் போக வேண்டி வந்தது. 2006 செனட் தேர்தல் முழுக்க மகனுடைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்டார். ஜெயித்தபின் வெள்ளை மாளிகை விருந்தில் அதிபர் புஷ், "பையன் எப்படி இருக்கான்?" என்றாராம். அவர்களைத் திருப்பிக் கூட்டி வரத்தான் விருப்பம் என்றார் இவர். நான் அதைக் கேட்கவில்லை, பையன் எப்படி இருக்கான் என்றார் புஷ் மறுபடியும். அது எனக்கும் என் பையனுக்கும் உள்ள விஷயம் என்றுவிட்டார் வெப். மரியாதை இல்லாத பேச்சு என்று அப்போது பலர் சொன்னார்களாம். எனக்கு உங்களைத்தான் பார்த்த மாதிரி இருந்தது.

கார்டைப் பாஸ்போர்ட் வைக்கிற பையில் போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், தூங்கமாட்டார்கள். பிரஷர் மாத்திரையை நீங்களும் விடாதீர்கள். டிசம்பர் கடைசியில் வருகிறோம், மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்துவிட்டது.

பரணில் இருக்கிற உங்கள் கறுப்புத் தகரப் பெட்டியின் மேல் வெள்ளை பெயிண்டில் எழுதியிருக்கிற நம்பரைப் பேரன் கேட்கிறான். கார்டில் இருக்கிற தன் நம்பருக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளப் போகிறானாம். பெயிண்ட் உதிர்ந்திருந்தாலும் உங்களுக்கு மனப்பாடம்தானே, எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகள்
பாப்பா