கஜலுக்குக் கீழே எதற்கு இந்தச் சண்டை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உருது பாகிஸ்தானுடைய மொழி, எல்லையில் நம் வீரர்கள் உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அந்த நாட்டுக் கவிஞர்களின் வரிகளைத் தமிழில் எடுத்துப் போட்டு ரசிக்க எப்படி மனசு வருகிறது என்று கேட்டு உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் மட்டும் இப்படிக் கேட்கவில்லை. இதே கேள்வியை, இதைவிட மோசமான வார்த்தைகளில், இணையத்தில் தினமும் பார்க்கிறேன். பாகிஸ்தான் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸின் ஒரு வரியை யாராவது பகிர்ந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் "பாகிஸ்தானுக்குப் போ" வந்துவிடும். உடனே அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, "எங்கள் மொழியில் உங்களுக்கு என்ன வேலை, போய் இந்தியில் எழுதுங்கள்" என்பார். அப்புறம் இரண்டு நாட்டுக் கொடிகளும், அம்மாவையும் அக்காவையும் இழுக்கிற வசவும்தான். அந்த வரி என்ன சொன்னது என்று கேட்க ஒருத்தரும் மிச்சம் இருப்பதில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இடம் கொடுங்கள்.

கோபத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள், சுற்றுலா போன இடத்தில், குடும்பத்தின் கண் முன்னால். அதற்குக் கோபப்படாதவன் மனிதனே இல்லை. நாலு கஜல், அதாவது ஈரடிகளால் ஆன உருதுக் கவிதை, பாடினால் எல்லை அமைதியாகிவிடும் என்று நான் சொல்லப்போவதும் இல்லை. அதையடுத்து மே மாதம் இரண்டு நாட்டுக்கும் நடந்த சண்டையின்போது பாகிஸ்தான் பாடல்களையும் தொடர்களையும் நிறுத்தச் சொல்லி நம் அரசு இணையத் தளங்களுக்கு அறிவுறுத்தியது, அங்கே எஃப்.எம். வானொலிகள் நம் பாட்டை அதற்கும் முன்பே நிறுத்தியிருந்தன. அரசுகள் செய்வதை அரசுகள் செய்யட்டும். நான் கேட்பது, வீட்டில் உட்கார்ந்து கவிதை படிக்கிற நீங்களும் நானும் எதற்காக அந்த வேலையைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதைத்தான்.

உருது பாகிஸ்தான் மொழி என்பதே எந்தக் கணக்கில்? அங்கே 2017-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி உருதுவைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் நூற்றுக்கு ஏழு பேர். மற்றவர்களுக்குப் பஞ்சாபி, பஷ்தோ, சிந்தி, சராய்க்கி, பலூச்சி. இங்கே 2011 கணக்கில் 5 கோடிப் பேர் உருது எங்கள் தாய்மொழி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதில் சுமார் 12 லட்சம் பேர் தமிழ்நாட்டில். வாணியம்பாடியில், ஆம்பூரில், வேலூரில் நம்மோடு பஸ்ஸில் வருகிறவர்கள், தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள், வீட்டுக்குள் போனால் உருது, வெளியே வந்தால் தமிழ். மகாராஷ்டிராவின் பாத்தூர் நகராட்சிப் பெயர்ப் பலகையில் உருது இருக்கக் கூடாது என்று ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மொழி மதம் அல்ல, உருது இந்த மண்ணில் பிறந்த மொழி என்று சொல்லி நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளியது. அந்தத் தீர்ப்பு வந்தது 2025 ஏப்ரல் 15, பகல்காமுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு. அந்த ஒரு வாரத்துக்கு மேல் யாரும் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் வருத்தம்.

கவிஞர்களைப் பிரித்துப் பார்க்கலாம் என்றால், எப்படிப் பிரிப்பீர்கள்? உருதுப் பெருங்கவிஞர் காலிப் பிறந்தது ஆக்ராவில், அடங்கியிருப்பது டெல்லி நிஜாமுதீனில், அவர் காலத்தில் இரண்டு நாடே கிடையாது. ஃபிராக் கோரக்பூரி என்பவரின் இயற்பெயர் ரகுபதி சஹாய், அலகாபாத் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை போனவர், உருதுக்கு 1969-ஆம் ஆண்டின் ஞானபீடத்தை வாங்கித் தந்தவர். இன்றைக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் மொபைலில் வைத்துக்கொண்டு உருகுகிறார்களே ஜோன் எலியா, அவர் உத்தரப் பிரதேசத்து அம்ரோஹாக்காரர், 1957-இல் கராச்சி போனவர், போன பிறகும் அம்ரோஹாவை நினைத்து ஏங்கியவர். கஜல் பாடகர் மெஹ்தி ஹசன் பிறந்தது ராஜஸ்தானில் லூணா என்ற கிராமம். பாகிஸ்தானின் தேசிய கீதத்தை எழுதிய ஹஃபீஸ் பெயரிலேயே ஜாலந்தரி இருக்கிறது, அந்த ஜலந்தர் நம் பஞ்சாபில் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்த சாஹிர் லூதியான்வி லாகூரில் இருந்துவிட்டு பம்பாய் வந்தவர். இவர்களில் யாரை எந்தக் கூடையில் போடுவீர்கள்?

சரி, ஃபைஸையே எடுத்துக்கொள்வோம், அவர்தானே அதிகம் திட்டு வாங்குகிறார். 1947 ஆகஸ்டில் அவர் லாகூரில் ஒரு நாளிதழின் ஆசிரியர். புது நாடு பிறந்திருக்கிறது, எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள், தெருவில் பிணங்களும் கிடக்கின்றன. அப்போது எழுதுகிறார்: "யே தாக் தாக் உஜாலா, யே ஷப் கஸீதா ஸஹர்". கறை கறையாக இருக்கிறது இந்த வெளிச்சம், இரவு கடித்து வைத்த விடியல் இது, நாம் காத்துக் கிடந்தது இந்த விடியலுக்கு இல்லையே! தன் நாடு பிறந்த நேரத்தில் இப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அவர் பாகிஸ்தானை வாழ்த்தவில்லை, இந்தியாவைத் திட்டவும் இல்லை. அந்த வரிகள் அமிர்தசரஸுக்கும் பொருந்தும், லாகூருக்கும் பொருந்தும். இந்தியாவில் இருந்த உருதுக் கவிஞர் அலி சர்தார் ஜாஃப்ரி, ஃபைஸின் நண்பர், இதையே குறையாகச் சொன்னார்: இப்படி எழுதினால் முஸ்லிம் லீக்காரரும் சொல்லலாம், இந்து மகாசபைக்காரரும் சொல்லலாம், கவிஞன் எந்தப் பக்கம் என்று தெரியவில்லையே என்று. எனக்கு ஜாஃப்ரி பிடிக்கும், ஆனால் இந்த விஷயத்தில் ஃபைஸ் பக்கம்தான் நான். ஒரு கவிதையை வைத்துக்கொண்டு இரண்டு நண்பர்கள் எதிரெதிர் நின்று வாதாடியிருக்கிறார்கள். நாம் போடும் சண்டை அந்த மாதிரியா இருக்கிறது?

ஃபைஸைப் பாகிஸ்தான் எப்படி வைத்திருந்தது என்றும் பாருங்கள். 1951-இல், அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டதாகச் சொன்ன ராவல்பிண்டி சதி வழக்கில் பிடித்து நாலு வருஷம் உள்ளே வைத்தார்கள். ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில் ஊரை விட்டுப் போய் பெய்ரூட்டில் இருந்தார். அந்த ஜியாவுக்கு எதிராகப் படித்ததுதான் 1979-இல் அவர் எழுதிய "ஹம் தேக்கேங்கே" (நாம் பார்ப்போம்). ஃபைஸ் 1984-இல் இறந்த பிறகு லாகூர் அரங்கு ஒன்றில் பாடகி இக்பால் பானோ அதைப் பாடியபோது கூட்டம் கைதட்டி முழக்கமிட்டதில் பாட்டே நின்று நின்று போகிறது, ஒலிப்பதிவில் இன்றைக்கும் கேட்கலாம். அதே பாட்டை 2019 டிசம்பரில் ஐ.ஐ.டி. கான்பூரில் மாணவர்கள் பாடினார்கள், இது இந்துக்களுக்கு எதிரானது என்று புகார் கிளம்பி, குழு போட்டு விசாரிக்கும் அளவுக்குப் போனது. அங்கே ராணுவ ஆட்சிக்குப் பிடிக்காத பாட்டு, இங்கே தேசத்துரோகப் பாட்டு. பாகிஸ்தான் கவிஞர் ஹபீப் ஜாலிப் எத்தனை முறை ஜெயிலுக்குப் போனார். ஃபஹ்மிதா ரியாஸ், மீரட்டில் பிறந்த பாகிஸ்தான் பெண் கவிஞர், ஜியாவின் வழக்குகளுக்குத் தப்பி டெல்லியில் வந்து பல வருஷம் தங்கியிருந்தார். பிறகு நம்மைப் பார்த்தே ஒரு கவிதை படித்தார்: நீங்களும் அச்சு அசல் எங்களைப் போலத்தான் இருக்கிறீர்கள், இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தீர்கள் அண்ணே என்று. நமக்குச் சுருக்கென்று குத்தும். ஆனால் அவருக்கு அதைச் சொல்லும் உரிமை இருந்தது, தன் நாட்டை அதைவிடக் கடுமையாகச் சொல்லிவிட்டு வந்தவர் அவர். "பாகிஸ்தான் கவிஞர்" என்று நாம் திட்டுகிற ஆட்களில் பலர், அந்த நாட்டு ஜெனரல்களிடம் நம்மைவிட அதிகமாக அடி வாங்கியவர்கள்.

உருதுவுக்குப் பாவமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. 1948-இல் ஜின்னா, அப்போது பாகிஸ்தானில் இருந்த டாக்காவுக்குப் போய் உருது மட்டுமே ஆட்சிமொழி என்று அறிவித்தார், 1952 பிப்ரவரி 21 அன்று வங்க மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1965 இந்தி எதிர்ப்பைப் பார்த்த தமிழ்நாட்டுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைச் செய்தது அரசாங்கம். அதே ஃபைஸ், 1971 போரில் வங்கதேசம் பிரிந்த பிறகு, 1974-இல் டாக்கா போய்விட்டு வந்து எழுதிய கஜலில், இத்தனை உபசாரத்துக்குப் பிறகும் நாம் அந்நியராகிவிட்டோம், இந்த ரத்தக் கறை இன்னும் எத்தனை மழைக்குப் பிறகு கழுவப்படுமோ என்று கேட்கிறார். மன்னிப்புக் கேட்க அவருடைய அரசுக்கு மனம் வரவில்லை, உருதுவில் அந்த வரி இருக்கிறது.

கவிஞர் இக்பால் விஷயம் இதைவிடச் சிக்கல். 1904-இல் "சாரே ஜஹான் சே அச்சா" எழுதியவர், ராமரை "இமாமே ஹிந்த்" (இந்தியாவின் தலைவர்) என்று பாடியவர், 1930-இல் அலகாபாத்தில் வடமேற்கில் முஸ்லிம்களுக்குத் தனி ஆட்சிப்பகுதி வேண்டும் என்று பேசினார். இதை மறைக்கத் தேவையில்லை. 1938-இலேயே இறந்துவிட்டார், பாகிஸ்தானைப் பார்க்கவே இல்லை. நம் சென்னைக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு: மதராஸ் முஸ்லிம் சங்கம் அழைத்து, 1929 ஜனவரியில் இங்கே வந்து சொற்பொழிவு நிகழ்த்தினார், அவருடைய முக்கியமான தத்துவ நூல் அந்த உரைகளிலிருந்துதான் வந்தது. 2023-இல் டெல்லி பல்கலைக்கழகம் அரசியல் பாடத்திலிருந்து அவரைத் தூக்கியது. கருத்து பிடிக்கவில்லை என்றால் படித்துவிட்டு எதிர்த்துப் பேசலாமே, படிக்காமல் எதை எதிர்ப்பது?

இந்தக் கவிதை எப்படிக் கேட்கப்படுகிறது என்று தெரியாததால்தான் பாதிச் சண்டை என்று எனக்குத் தோன்றுகிறது. வாய்ப்புக் கிடைத்தால் வாணியம்பாடிப் பக்கம் ஒரு முஷாயிராவுக்கு, அதாவது உருதுக் கவியரங்கத்துக்கு, போய் உட்காருங்கள். இளையவர்கள் முதலில், மூத்தவர்கள் கடைசியில். கவிஞர் முதல் அடியைச் சொல்லி நிறுத்துவார். முன் வரிசை அதை வாங்கித் திருப்பிச் சொல்லும். அவர் மறுபடியும் அதையே சொல்வார், இன்னும் நிதானமாக. அதற்குள் கூட்டம் மனசுக்குள் இரண்டாவது அடியைத் தேட ஆரம்பித்துவிடும். நம் யாப்பில் இயைபு என்கிறோமே, அதைப் போல ஒவ்வொரு ஈரடியின் முடிவிலும் அதே சொல் வந்து விழும், அதற்கு முன்னால் ஓசை ஒத்த ஒரு சொல். ஆகவே முடிவு என்ன சொல் என்று எல்லோருக்கும் தெரியும், எப்படி அங்கே வந்து சேரப்போகிறார் என்பதுதான் தெரியாது. அது வந்து விழும்போது அரங்கமே அந்தக் கடைசிச் சொல்லைக் கவிஞரோடு சேர்ந்து சொல்லும், "வாஹ்" கிளம்பும், "முகர்ரர்" (இன்னொரு முறை) என்று கத்துவார்கள், அவர் திரும்பச் சொல்லியே ஆக வேண்டும். கேட்பவன் வாய் திறந்தால்தான் கஜல் முழுமையாகும். அந்த வாயில்தான் இப்போது வசவு வருகிறது.

எதிரிகளாக இருந்துகொண்டே கவிதை பேச முடியாதா என்றால், முடியும். 2013-இல் மக்களவையில் பிரதமர் மன்மோகன் சிங், விசுவாசம் என்றால் என்னவென்றே தெரியாதவர்களிடம் விசுவாசத்தை எதிர்பார்க்கிறோம் என்ற காலிபின் வரியை பா.ஜ.க.வைப் பார்த்து எடுத்து விட்டார். ஷேருக்கு (ஈரடிக் கவிதைக்கு) ஷேர் சொல்லாவிட்டால் கடன் நின்றுவிடும் என்று எழுந்த பா.ஜ.க.வின் சுஷ்மா ஸ்வராஜ், ஏதோ நெருக்கடி இருந்திருக்கும், ஒருவர் சும்மா துரோகியாகிவிடுவதில்லை என்ற உருதுக் கவிஞர் பஷீர் பத்ரின் வரியில் தொடங்கி, ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேரும் அரசியலில் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை, யாரும் யாரையும் கேவலப்படுத்தவும் இல்லை, சபை சிரித்தது.

1965 இந்தியா-பாகிஸ்தான் போரை வைத்தும் எழுதியிருக்கிறார்கள். போரே ஒரு பிரச்சினை, அது எந்தப் பிரச்சினையைத் தீர்க்கும் என்று சாஹிர் கேட்டார். ஃபைஸைக் குறை சொன்ன அதே ஜாஃப்ரி, "யார் எதிரி" என்று ஒரு கவிதை எழுதினார்: நீங்கள் லாகூர்ப் பூங்காவிலிருந்து பூக்களைத் தோளில் சுமந்து வாருங்கள், நாங்கள் காசியின் காலை வெளிச்சத்தை எடுத்து வருகிறோம், அதற்குப் பிறகு கேட்போம் யார் எதிரி என்று. போரின்போது இந்தியாவில் உட்கார்ந்து ஒரு இந்தியர் எழுதியது இது, அவரைப் பின்னால் ஞானபீடம் கொடுத்து நாடு கௌரவித்தது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் கால் பக்கம் ஒதுக்குங்கள். ஒரு உருது ஷேர், மூலம் தமிழ் எழுத்தில், கீழே தமிழாக்கம், எழுதியவர் பிறந்த ஊரும் வருஷமும், அவ்வளவு போதும். ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்த மொழிபெயர்ப்பு வேண்டாம், உருதுவும் தமிழும் சேர்த்தே வளர்ந்தவர்கள் நம் வடமாவட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழிலேயே கஜல் எழுதிக் காட்டியவர், அந்த வழியில் வந்தவர்களைக் கேட்டால் மகிழ்ச்சியாக எழுதித் தருவார்கள். முதல் வாரம் ஃபைஸின் அந்த விடியல் வரிகளையே போடுங்கள், திட்டி வருகிற கடிதங்களில் கவிதையைப் பற்றி ஒரு வாக்கியமாவது உள்ளவற்றை மட்டும் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
வேலூர்.