ஹைட்ரோஸ் மேல் வாளித் தண்ணீர் ஊற்றாதீர்கள்: திருப்பூர் சாயப்பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

தரையில் எது கொட்டினாலும் நம் பட்டறைகளில் முதலில் கைக்கு வருவது பனியன் வேஸ்ட் (கழிவுத் துணி), அடுத்தது ஹோஸ் பைப். எண்ணெய் சிந்தினால் வேஸ்ட் போதும். உப்பைக் கூட்டி அள்ளிவிடலாம். ஆனால் ஸ்டோரில் இருக்கும் சில சரக்குகளுக்கு இந்தப் பழக்கமே வினை.

ஹைட்ரோஸில் (சாயமேற்றப் பயன்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட் தூள்) ஈரம் பட்டால் தானாகச் சூடேறும், மூச்சை அடைக்கும் கந்தக டை ஆக்சைடைக் கக்கும், பிறகு பற்றிக்கொள்ளும். எரிவதற்கு அதற்கு வெளிக்காற்று தேவையில்லை. அதனால் சாக்குப் போட்டு மூடியோ, டிரம்மை இறுக்கியோ அணைக்க முடியாது. ஒரு வாளித் தண்ணீர் சூட்டைக் கிளப்பப் போதும், தணிக்கப் போதாது. காய்ந்த தூளாகக் கொட்டினால் காய்ந்த முறத்தால் காய்ந்த வாளியில் அள்ளி, மழை படாத தனியிடத்தில் வையுங்கள். பழைய டிரம்மில் திருப்பிப் போடவே கூடாது. ஒரு பிடி ஈரத்தூள் முழு டிரம்மையும் சூடேற்றிவிடும். புகையத் தொடங்கிவிட்டால் ஆட்களைக் காற்று வரும் பக்கமாக வெளியேற்றித் தீயணைப்புத் துறையை அழையுங்கள். அப்போது வேண்டியது தூரத்திலிருந்து வெள்ளமாக அடிக்கும் தண்ணீர். சுவாசக் கருவி இல்லாதவர் யாரும் கிட்டே போக வேண்டாம்.

பெராக்சைடு (துணி வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு திரவம்) இதற்கு நேர்மாறு. 50 சதவீதப் பெராக்சைடு ஒரு லிட்டர் சிதைந்தால் ஏறத்தாழ 200 லிட்டர் ஆக்சிஜன் வரும். வேஸ்ட்டாலோ மரத்தூளாலோ ஒற்றி எடுத்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. துணியிலுள்ள தண்ணீர் முதலில் ஆவியாக, பெராக்சைடு செறிந்துகொண்டே போகும்; எல்லோரும் மறந்த பிறகு குப்பைத்தொட்டி பற்றும். கொட்டிய அளவைப் போல் குறைந்தது 20 மடங்கு தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யுங்கள். நனைந்த சட்டை, கையுறை எல்லாவற்றையும் உடனே அலச வேண்டும். சிந்தியதை மறுபடி கேனில் ஊற்றினால் கூடப் போகும் துருவும் காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு) துளியும் உள்ளிருப்பதைச் சிதைக்கும். மூடியிலுள்ள காற்றுத்துளை அந்த வாயு வெளியேறத்தான். ‘சொட்டுகிறது’ என்று அதில் டேப் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கேன் உப்பி வெடிக்க அது போதும்.

செறிந்த அசிட்டிக் ஆசிட் கொட்டினால், அதைச் சமன் செய்ய ஒரு லிட்டருக்குச் சுமார் ஒரு கிலோ சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட் தூள்) தேவை. ஓரத்திலிருந்து உள்நோக்கித் தூவுங்கள், நுரைக்கும். சோடா ஆஷுக்குப் பதில் காஸ்டிக் போட்டால் கொதித்துத் தெறிக்கும். இந்த ஆசிட்டின் ஆவி 39 டிகிரியிலேயே பற்றக்கூடியது. சித்திரையில் தகரக் கூரைக்கு அடியில் அந்தச் சூடு சாதாரணம், ஆகவே வெல்டிங்கை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

காஸ்டிக் லை (காஸ்டிக் கரைசல்) தோலில் பட்டால் உடனே வலிக்காது, வழவழப்பாக மட்டும் இருக்கும். அதை நம்பாமல் குறைந்தது 20 நிமிடம் தண்ணீரில் கழுவ வேண்டும். ‘சமன் செய்ய’ என்று ஆசிட்டை ஊற்றக்கூடாது. கண் கழுவும் குழாய்க்கு மொட்டைமாடி டேங்கிலிருந்து இணைப்புக் கொடுத்தால், மே மாதத்தில் அந்தத் தண்ணீரே சுடும். டேங்குக்கு நிழல் போடுங்கள்.

இனி ஹோஸ் பைப். சாயக்கழிவு நீர்ப் பிரச்சினையில் 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இன்று கால்வாயில் தள்ளுவதெல்லாம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போய்ச் சேரும், அங்கே அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களைக் கொல்லும். அதற்கு முன்பே, உங்கள் சொந்தத் தொட்டியிலேயே ஆசிட் மற்றவற்றோடு கலக்கும். ஹைப்போவோடு (வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்) சேர்ந்தால் குளோரின், சல்பர் சாயத்தின் சோடியம் சல்பைடோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு. பின்னது ஆளை நொடியில் சாய்க்கும். எனவே ஸ்டோர் வாசலில் வடிகால் இருந்தால் அதை அடைக்க மணல் மூட்டை வையுங்கள். மயங்கி விழுந்தவரைத் தூக்கவும் சுவாசக் கருவி இல்லாமல் யாரும் தொட்டியில் இறங்கக்கூடாது.

உங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். ஹைட்ரோஸும் பெராக்சைடும் ஒரே அறையில் இருக்கக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனி முறம், தனி வாளி வேண்டும். 1989 அபாய ரசாயன விதிகள் சொல்லும் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கோப்பில் பூட்டி வைக்காமல், சிந்தினால் செய்ய வேண்டியதை மட்டும் தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். இரவு ஷிப்டில் கையுறையும் கண்ணாடியும் இருக்கும் அலமாரியைப் பூட்டாதீர்கள்; சாவி வைத்திருப்பவர் பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
சாயப்பட்டறைகளின் பாதுகாப்புப் பணியில் உள்ளவர்கள்