வைஃபை அடப்டர் வாங்குமுன்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று வாசித்ததும் பெரிய நிம்மதி. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் வெளியே இறங்க முடியாது. பின்னேரம் டச்பே கடற்கரைக்குப் போய் மான்களைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். நீ இல்லாதது அந்த நேரத்தில்தான் அதிகம் தெரிகிறது.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். மகளின் லப்டொப்பில் வைஃபை அடிக்கடி அறுந்து போகிறது, வெளியே செருகும் அடப்டர் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். இதே பிரச்சினையில் நான் மூன்று மாதம் அலைந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

முதலில் பிழை லப்டொப்பில்தானா என்று பார். மகள் படிக்கும் அதே மேசையில் உன் போனை வைத்து வைஃபையில் ஒரு வீடியோ ஓடவிடு. போனிலும் நின்று நின்று ஓடினால் குறை ரவுட்டரிலோ அது வைத்திருக்கும் இடத்திலோதான், அடப்டருக்குக் காசு கொடுத்துப் பயனில்லை. போனில் ஒழுங்காக ஓடி, லப்டொப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலும் அறுந்தால் மட்டும் கடைக்குப் போ.

நான் இதைச் செய்யாமல், பார்க்க அழகாக இருந்தது என்று நகம் அளவில் ஒன்றை வாங்கினேன். எங்கள் வீடு உனக்குத் தெரியும்தானே, அப்பப்பா காலத்துச் சுண்ணாம்புச் சுவர்கள். ரவுட்டர் முன் விறாந்தையில், மகன் படிப்பது பின் அறையில். அந்தச் சின்னதுக்குள் இருக்கும் அன்டெனாவும் சின்னது, இரண்டு சுவரைத் தாண்டி வரும் அலையை அதால் ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை. அதோடு அது 2.4 கிகாஹேர்ட்ஸில் மட்டும் வேலை செய்வது. அந்த அலைவரிசையில் ஒன்றுக்கொன்று இடிபடாத சனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அந்த மூன்றுக்குள் நெருக்குப்படும்போது நம்முடையது திணறுகிறது.

ஆனால் என்னை உண்மையில் குழப்பியது வேறொன்று. சில நாட்களில் வைஃபை நன்றாக இருக்கும், சில நாட்களில் வகுப்பு நடுவிலேயே செத்துப்போகும். ரவுட்டரை மாற்றிவைத்தேன், இணைப்புக் கொடுத்தவர்களுக்கு இரண்டு தரம் போன் எடுத்தேன். ஒரு நாள் மகன்தான் கவனித்தான்: பாடப் பதிவுகள் உள்ள ஹார்ட் டிஸ்க்கைச் செருகும் நாட்களில்தான் வைஃபை போகிறது. டிஸ்க்கும் அடப்டரும் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் இருந்தன. டிஸ்க் செருகியிருந்தது நீல நிறத் துளை, அதாவது யூ.எஸ்.பி 3. அது வேலை செய்யும்போது வெளியே கசியும் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கத்திலேயே விழுகிறது. இன்டெல் நிறுவனம் 2012இலேயே இதை அளந்து ஓர் அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. நாங்கள் இவ்வளவு காலம் ரவுட்டரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

இதற்கு மருந்து ஒரு மீற்றர் நீள யூ.எஸ்.பி நீட்டிப்பு வயர். அடப்டரை அதன் நுனியில் மாட்டி, ஜன்னல் கட்டில் விறாந்தையைப் பார்க்க வைத்தேன். இரைச்சலில் இருந்தும் தள்ளிப் போய்விட்டது, சுவரும் ஒன்று குறைந்தது. எந்த அடப்டர் வாங்கினாலும் இந்த வயரையும் சேர்த்து வாங்கிவிடு மச்சான், இதைத்தான் உனக்கு அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

பிறகு நல்லதொன்றாக, 2.4, 5 இரண்டிலும் வேலை செய்யும், வெளியே அன்டெனா உள்ள அடப்டர் வாங்கினேன். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, நெரிசலும் குறைவு. ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4தான் கெட்டி. முன் ஹோலில் 5, பின் அறையில் 2.4 என்று மகன் மாற்றி மாற்றிப் பாவிக்கிறான். 5 வேண்டுமென்றால் உன் ரவுட்டரிலும் அது இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்.

அடப்டர் பெட்டியில் ஏசி (AC) 1300 என்று பெரிதாகப் போட்டிருப்பதைக் கண்டு மயங்காதே. அது 2.4இல் செக்கனுக்கு 400 மெகாபிட், 5இல் 867 மெகாபிட் என்ற இரண்டு வேகத்தையும் கூட்டி, முழு எண்ணாக உயர்த்திப் போட்ட கணக்கு. ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணைய முடியும், அதுவும் அந்த முழு வேகம் கைக்கு வராது. பழைய யூ.எஸ்.பி 2 துளையில் செருகினால் எல்லையே 480. வீட்டுக்கு வரும் இணைப்பு 100ஐத் தாண்டாவிட்டால் பெரிய எண்ணுக்காகக் காசை இறைக்க வேண்டாம்.

அப்புறம், விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 ஒக்டோபரோடு நின்றதால் அந்த லப்டொப்பில் அதற்குப் பதிலாக லினக்ஸ் போட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். அப்படியென்றால் அடப்டரின் கம்பனிப் பெயரை விட உள்ளே இருக்கும் சிப்தான் முக்கியம். மீடியாடெக்கின் எம்டி7612யூ சிப் உள்ளதென்றால் செருகிய உடனே வேலை செய்யும், அதற்கான டிரைவர், அதாவது அடப்டரை இயக்கும் மென்பொருள், லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலுக்குள்ளேயே 4.19ஆம் பதிப்பில் இருந்து இருக்கிறது. ரியல்டெக் சிப்புகள் பலவற்றுக்கு நீண்ட காலம் டிரைவரை வெளியே இருந்து எடுத்துத்தான் போட வேண்டியிருந்தது. கேர்னல் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் அது குழம்பும், பிள்ளைக்குப் படிப்பு நேரத்தில் அந்தத் தலையிடி வேண்டாம். பெயர் ஒன்றாக இருந்தால் சிப்பும் ஒன்று என்றும் நம்பாதே. டிபி-லிங்கின் டபிள்யூஎன்722என் என்ற அடப்டரின் முதல் பதிப்பில் ஏதெரோஸ் சிப் இருந்தது, இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் வந்துவிட்டது. எந்தப் பதிப்பு என்பது அடியில் ஒட்டியிருக்கும் லேபலில் இருக்கும்.

டிரைவர் போட வேண்டி வந்தால், வைஃபை இல்லாமல் அதை எப்படி இறக்குவது என்று யோசிக்காதே. போனை யூ.எஸ்.பி வயரால் லப்டொப்பில் இணைத்து டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும்.

கடையில் "டொங்கிள்" என்று மட்டும் கேட்காதே. சிம் போடும் டொங்கிளைத்தான் எடுத்துத் தருவார்கள். "லப்டொப்புக்கு யூ.எஸ்.பி வைஃபை அடப்டர், இரண்டு பாண்டும் உள்ளது" என்று கேள். லப்டொப்புக்குள்ளே இருக்கும் வைஃபை கார்ட்டையே மாற்றவும் வழி உண்டு, நல்ல ரிப்பெயர்காரர் கிடைத்தால் அதையும் விசாரி.

உன் வீடும் கடலுக்குக் கிட்டத்தானே, அடப்டரை எப்போதும் ஜன்னலில் விட்டுவிடாதே. உப்புக்காற்றில் என் பழையதன் முனை துருப்பிடித்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் கழற்றி ஒரு டப்பாவுக்குள் போட்டு வைக்கச் சொல்.

மகளின் லப்டொப்பில் நீலத் துளை எந்தப் பக்கம், ரவுட்டர் எந்த அறையில் என்று அடுத்த கடிதத்தில் எழுது. என்னிடம் நீட்டிப்பு வயர் ஒன்று மேலதிகமாக இருக்கிறது. தங்கச்சி வருகிற வெள்ளி மட்டக்களப்புக்கு பஸ்ஸில் வருகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் நண்பன்