இன்ஸ்பெக்டர் கேட்டால் பலகை வரும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு அண்டி ஆபீசில் 31 வருஷம் கணக்கெழுதி 2023-ல் ஓய்வு பெற்றவன் நான். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். மஸ்டர் ரோலில், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டில், எத்தனையோ பெயர்களை எழுதியிருக்கிறேன், வெட்டியிருக்கிறேன். இந்தக் கடிதம் அதில் ஒரு பெயரைப் பற்றியது.

2020 கடைசியில், கொரோனா ஊரடங்குக்குப் பிறகு ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது, தொலி உரிக்கும் பிரிவில் ஒரு திருநங்கை வந்து சேர்ந்தார். கிலோக் கணக்கில் கூலி. கத்தியால் சிவப்புத் தொலியைச் சுரண்டும்போது பருப்பு பிளந்துவிட்டால் விலை இறங்கிவிடும். அவர் தட்டில் பிளந்த பருப்பு அபூர்வம். சாயங்காலம் அவர் தட்டு தராசில் ஏறும்போது மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஆதாரில் பழைய ஆண் பெயர் இருந்ததால் பி.எஃப். பதிவிலும் அதேதான். சம்பளத்தன்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் சிரிப்பு கிளம்பும் என்று, டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவேன். நான் அவருக்குச் செய்த நல்லது அது ஒன்றுதான்.

2021 ஆடியில் கக்கூஸ் பிரச்சினை வந்தது. பெண்கள் பக்கம் வரக்கூடாது என்று இரண்டு பேர் கிளப்பினார்கள். ஆண்கள் பக்கம் அவர் எப்படிப் போவார்? சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்தார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். முதலாளி கெட்டவர் இல்லை. “வம்பு வேண்டாம், கணக்கைத் தீர்த்து அனுப்பும்” என்றார். சிவப்பு மையில் கோடு போட்டேன்.

“எனக்க பேர வெட்டிட்டியளா அண்ணாச்சி? நான் என்ன செய்தேன்?”

ஆர்டர் அப்படி என்றேன்.

அந்தக் கோடு சட்டத்துக்கு விரோதம் என்று அப்போது எனக்குத் தெரியாது. 2019-ன் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜனவரி 10-லேயே அமலுக்கு வந்திருந்தது. வேலை விஷயத்தில் எந்த நிறுவனமும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 9-ம் பிரிவு. 11-ம் பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும். புகார் வந்தால் 15 நாளில் விசாரிக்க வேண்டும் என்று விதி. யாரும் போகக்கூடிய பொதுவான கழிப்பறை பற்றிக்கூட அந்த விதிகளில் இருக்கிறது! எங்கள் ஆபீசில் புகார் அலுவலர் என்று ஒருவரை வைத்திருந்தால் அநேகமாக என்னைத்தான் வைத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டு பள்ளிகளில் வேலை இழந்த ஜேன் கவுசிக் என்ற திருநங்கை ஆசிரியையின் வழக்கில், 2025 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் இழப்பீடு தரச் சொன்னது. சம வாய்ப்புக் கொள்கை வகுக்க நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழுவும் அமைத்தது. நல்லதுதான். ஆனால் தொலி உரிக்கிறவர் டெல்லி வரை போவாரா? 2019 சட்டத்தின் தண்டனைப் பிரிவைப் படித்துப் பார்த்தேன். பொது இடத்தில் தடுத்தாலோ வீட்டைவிட்டு விரட்டினாலோ தண்டனை உண்டு. வேலையை விட்டு அனுப்புவது அந்தப் பட்டியலில் இல்லை.

எனக்குத் தெரிந்தது ஆலை நடப்பு. பெண்களுக்கான பாலியல் புகார்க் குழுச் சட்டம் 2013-ல் வந்தது. எங்கள் ஆபீசில் அதற்கான அறிவிப்புப் பலகை வந்தது பல வருஷம் கழித்து, சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் “எங்கே?” என்று கேட்ட மறுநாள். மார்த்தாண்டத்தில் பெயின்டரிடம் எழுதி வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் நான்தான். முதலுதவிப் பெட்டியில் பழைய மருந்தை மாற்றுவதும் இப்படித்தான் நடக்கும்.

ஆகவே மாவட்ட ஆட்சியருக்கும் தொழிலாளர் துறைக்கும் ஒரு வேண்டுகோள். ஆலைகளுக்கும் நாகர்கோவில் ஜவுளிக்கடைகளுக்கும் சோதனைக்குப் போகிறவர்கள், மஸ்டர் ரோலை வாங்கிப் பார்க்கும்போதே “திருநர் புகார் அலுவலர் யார்?” என்று சேர்த்துக் கேட்கட்டும். நாலு இடத்தில் கேட்டால் போதும், மார்த்தாண்டம் பெயின்டருக்குக் கை ஓயாது.

— ஓய்வுபெற்ற கணக்கர், குலசேகரம்